ஞாயிறு இரவுகளில் எதோ நகரம்

காலம் தாண்டிப் போகும் கதைகளில் எனக்கு அலுப்பூட்டுவது அந்தப் பயணியின் அவசரம். போய் விழுந்த நிமிடத்திலிருந்து திரும்பும் வழியைத் தேடத் தொடங்கிவிடுவார். எந்திரம் பழுதாகும், கதவு மூடிக்கொள்ளும், நூற்றாண்டு தவறிப்போகும். அங்கே எதிர்ப்படும் மனிதர்கள் அவருக்கு ஒன்று வழி சொல்பவர்கள், இல்லையென்றால் வழி மறிப்பவர்கள். அந்த அவசரம் ஒரு மனிதனிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதைப் பொறுமையாகக் காட்டிய ஒரு தொடரை நான் டோக்கியோவில் இருந்தபோது பார்த்தேன். பெயர் ‘ஜின்’. முரகாமி மோதோகா வரைந்த சித்திரக்கதையை வைத்து டிபிஎஸ் தொலைக்காட்சி எடுத்தது. முதல் பாகம் 2009 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, இரண்டாம் பாகம் 2011 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. இரண்டுமே ஞாயிறு இரவு 9 மணிக்கு ஒளிபரப்பாயின.

மினகாதா ஜின் இன்றைய டோக்கியோவின் மூளை அறுவை மருத்துவர். மணக்க இருந்த பெண்ணின் மூளைக்கட்டியை அவரே அறுத்தார். அவள் நினைவு திரும்பாமலே படுத்துக் கிடக்கிறாள். அன்றிலிருந்து கடினமான அறுவைகளைத் தவிர்த்து வருகிறார். ஒரு நாள் அடையாளம் தெரியாத நோயாளி ஒருவன் மருத்துவமனையிலிருந்து தப்பி ஓடப் பார்க்கிறான். அவனைத் தடுக்கும்போது படியிலிருந்து உருண்டு விழுகிறார் ஜின். கண் விழிக்கும் இடம் 1862-ஆம் ஆண்டின் எதோ நகரம், அதாவது டோக்கியோ என்ற பெயர் இன்னும் வராத டோக்கியோ. சுற்றிலும் வாள் சண்டை. தச்சிபானா கியோதாரோ என்ற இளம் சாமுராய்க்குத் தலையில் அடி. உளியையும் சுத்தியலையும் கொண்டு அவன் மண்டை ஓட்டைத் திறந்து, உள்ளே தேங்கிய ரத்தத்தை எடுத்து உயிர் பிழைக்க வைக்கிறார் ஜின். அவனுடைய தங்கை சாகி அருகிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறாள். கதையில் அவர்கள் உறவு தொடங்குவது அந்த ரத்தத்தின் நடுவில்தான்.

அவர் சட்டைப் பையில் ஒரு புகைப்படம் இருக்கிறது. அவரும் மணக்க இருந்த மிகியும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. எதோவில் அவர் யாரையாவது காப்பாற்றினால், எதையாவது மாற்றினால், அந்தப் படம் மாறுகிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்கிறார். போகப் போகப் பார்ப்பது குறைகிறது. தொடரின் முழு எடையையும் அந்த ஒரு படத்தின்மேல் வைத்திருந்தார்கள் என்றே சொல்வேன்.

நாங்கள் 2008-இல் கணவரின் மென்பொருள் வேலைக்காக நிஷி-கசாய் போனோம். நகரின் கிழக்கு ஓரம், எதோகவா வட்டாரம். தோசாய் ரயிலைப் பிடித்து அலுவலகம் போகும் இந்தியக் குடும்பங்கள் அங்கே ஏராளம். சென்னையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருந்த நான் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். டோக்கியோவில் எனக்கு வேலை கிடையாது. மொழி கொஞ்சம் பிடிபட்டதும், புதிதாக வந்த தமிழ்ப் பெண்களைக் கைக்குழந்தையோடு வட்டாரச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவதும், தாய்–சேய்க் கையேட்டில் எந்தக் கட்டத்தில் எந்தத் தடுப்பூசி என்று படித்துச் சொல்வதும் என் பொறுப்பு ஆயின. யாரும் கொடுத்த பொறுப்பில்லை. ஒருத்திக்குச் செய்தேன், அவள் இன்னொருத்தியை அனுப்பினாள்.

கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி தனியாக வாழ்ந்தார். 1933-இல் ஃபுகாகவாவில் பிறந்தவர். 1945 மார்ச் 10 இரவுக் குண்டுவீச்சில் அந்தப் பகுதியே எரிந்துபோனது. அவரும் வீட்டாரில் சிலரை இழந்தார். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். தொலைக்காட்சி வசனங்களைத் திரையின் அடியில் எழுத்தாகவும் ஓடவிடலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். 2010 கடைசியில், குளிர் காலத்தில், ‘ஜின்’ முதல் பாகத்தின் டிவிடிகளை வாடகைக்கு எடுத்து வந்து அவர் வீட்டில் பார்க்கத் தொடங்கினோம். கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, சாமுராய்கள் பேசும் பழைய பேச்சு எனக்கு விளங்காத இடங்களில் படத்தை நிறுத்தச் சொல்லி, அவரிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். தொடக்க இசையின்போது எதோவின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றைய டோக்கியோவாகக் கரைந்து மாறும். அந்த இடம் வந்தால் பாட்டி பேச்சை நிறுத்திவிடுவார்.

இரண்டாம் பகுதியில் எதோவுக்குக் காலரா வருகிறது. 1858-இலும் 1862-இலும் அந்த நகரத்தில் உண்மையாகவே வந்த நோய் அது. காலராக் கிருமியைக் கோஹ் கண்டுபிடிக்க இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறது. ஜின் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் சர்க்கரையும் அளந்து போட்டு, வாயில் ஊட்டச் சொல்கிறார். ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அந்தக் கரைசலின் வரலாறு தெரியும். 1971-இல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, பன்கான் முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் அதைத் துணிந்து பரவலாகக் கொடுத்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. வங்காளத்தின் முகாமில் உயிர் காத்த தண்ணீரை ஒரு ஜப்பானிய மருத்துவர் நூறு வருடம் பின்னே கொண்டுபோய் எதோவின் குடிசைகளில் ஊட்டுகிறார். பாட்டிக்கு இதைச் சொன்னபோது அவர் அந்த ஊர்ப் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பகுதியில் ஜின்னுக்கே காலரா வந்துவிடுகிறது. அவர் நினைவிழந்து கிடக்க, சாகி அவர் சொல்லிக் கொடுத்ததை வைத்துத் தானே நோயாளிகளைப் பார்க்கிறாள். அதுவரை அவர் அந்த ஊருக்கு எதையோ கொடுக்க வந்தவர். அதன்பின் அந்த ஊரால் உயிர் பிழைத்தவர். அவர் மனம் எதோவில் வேர்விட்ட இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். காதல் பின்னால் வருகிறது.

பெனிசிலின் தயாரிக்கும் பகுதிகளை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. யோஷிவாராவில், பெண்கள் சிறுவயதிலேயே விற்கப்பட்டு அடைபட்டிருந்த அந்தப் பகுதியில், யூகிரி என்றொருத்தி சிபிலிஸ் முற்றிக் கிடக்கிறாள். மருந்து கண்டுபிடிக்கப்படுவது 1928-இல். ஜின் காத்திருக்க முடியாது. எதோவில் இருந்த மேலைமருத்துவ நிலையத்தின் மாணவர்கள் ஊரெங்கும் போய்ப் பச்சைப் பூஞ்சணம் பிடித்த பழங்களையும் பண்டங்களையும் அள்ளி வருகிறார்கள். கிழங்கு வேகவைத்த சாறும் அரிசி களைந்த தண்ணீரும் சேர்த்துப் பூஞ்சணம் வளர்க்கிறார்கள். வடித்த நீரில் கடுகின எண்ணெய் ஊற்றிக் கலக்கி, எண்ணெயில் கரையும் கசடுகளை மேலே விட்டு, அடியில் தங்கும் நீரைத் தனியே இறக்குகிறார்கள். அதில் கரித்தூள் போட்டால் மருந்து கரியில் ஒட்டிக்கொள்ளும். காடி கலந்த நீரால் கழுவி, பிறகு காரநீர் ஊற்றி மருந்தைக் கரியிலிருந்து பிரிக்கிறார்கள். சொட்டுச் சொட்டாக வந்ததைக் கிருமி வளர்த்த தட்டுகளில் இட்டு வைத்து விடியக் காத்திருக்கிறார்கள். காலையில் ஒரு தட்டில், சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றிக் கிருமி இல்லாத தெளிந்த வட்டம்.

சென்னையில் தினமும் காலையில் நான் முதலில் பார்த்த காட்சி அது. இன்குபேட்டரைத் திறந்து, தட்டை வெளிச்சத்தில் தூக்கி, மருந்து வில்லையைச் சுற்றியிருக்கும் வட்டத்தை அளவுகோலால் அளந்து எழுதுவேன். அந்த எழுத்தை நம்பித்தான் வார்டில் மருந்து மாற்றுவார்கள். பல வருடங்களாகச் செய்த வேலை, இரண்டு வருடமாகக் கையை விட்டுப் போயிருந்தது. எதோவின் மாணவர்கள் அந்தத் தட்டைப் பார்த்து அழுதபோது நானும் அழுதேன். பாட்டி எதுவும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றி நகர்த்தி வைத்தார். பிறகு அவரிடம் சொன்னேன்: நாங்கள் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றும் அகர், உங்கள் ஊரில் அந்தக் காலத்திலேயே இருந்தது, நீங்கள் அதை இனிப்பாக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று. அடுத்த வாரம் அந்த இனிப்பைச் செய்து வைத்திருந்தார்.

யூகிரி பிழைக்கவில்லை. மேலெல்லாம் வந்த புண்கள் ஆறின, அவ்வளவுதான். தொடரை எழுதியவர்கள்மேல் எனக்கு மதிப்பு வந்தது இந்த நேர்மையால். கடந்த காலத்தை அழகான ஊராக அவர்கள் வரையவில்லை. காலரா இருக்கிறது, விலைக்கு வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள், மனைவி மக்களுக்கு முன்னால் ஒருவனைச் சும்மா வெட்டிப் போட்டுவிட்டு நடக்கும் வாள்கள் இருக்கின்றன. ஜின் காப்பாற்றிய ஒரு ஏழைத் தாயை அடுத்தடுத்த பகுதிகளிலேயே யாரோ ஒருவன் தெருவில் வெட்டிக் கொல்கிறான். அவள் மகன் கீய்ச்சி அனாதையாகிறான். தான் கொடுத்த ஆயுளை வரலாறு திருப்பி எடுத்துக்கொள்கிறதோ என்று ஜின் உடைந்துபோகிறார். அப்படிப்பட்ட ஓர் ஊரை ஒருவர் நேசிக்கத் தொடங்குகிறார் என்றால் அங்கே காற்று சுத்தமாக இருந்தது, மனிதர்கள் வெள்ளந்தியாக இருந்தார்கள் என்ற காரணமெல்லாம் செல்லாது. கீய்ச்சி என்ற பையன் நாளைக்கு என்ன சாப்பிடுவான் என்ற கேள்வி அவர் தலையில் ஏறிவிட்டது. அதுதான் காரணம்.

பெனிசிலின் செய்யப் பணமும் இடமும் வேண்டியிருக்கும்போது உதவிக்கு வருகிறார் சோயா சாறு தயாரிக்கும் யமாசா நிறுவனத்தின் ஹமகுச்சி கிஹேய். அவர் திரையில் தோன்றியதும் பாட்டி எழுந்து உட்கார்ந்தார். “இவரை எனக்குத் தெரியும். பள்ளிப் பாடத்தில் வந்தவர்.” பெருமையோடு சொன்னார். 1854-இல் கீ தீபகற்பத்தின் கடற்கரைக் கிராமத்தில் பெரும் நிலநடுக்கம் வந்து கடல் பொங்கியபோது, அறுத்து வைத்திருந்த நெற்கட்டுகளுக்குத் தீ வைத்து, இருட்டில் தவித்த மக்களுக்கு மேட்டுக்கு வழி காட்டியவர் அவர். போருக்கு முந்திய ஆண்டுகளிலும் போர்க் காலத்திலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பாடமாகப் படித்தார்கள். பாடத்தில் இல்லாத பாதியையும் பாட்டி சொன்னார்: அலை வடிந்த பிறகு தன் பணத்தைப் போட்டு ஊராருக்குக் கூலி கொடுத்து, சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பினார் ஹமகுச்சி. வேலையில்லாமல் ஊரை விட்டுப் போக இருந்தவர்கள் அந்தக் கூலியால் தங்கினார்கள். 1946-இல் மறுபடி கடல் வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. 2004 டிசம்பரில் மெரினாவை அடுத்த குப்பங்களிலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களை நான் பார்த்தவள். நெல்லுக்குத் தீ வைத்த கதையைவிடக் கரை கட்டிய கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

முதல் பாகத்தின் கடைசிப் பகுதிகள் நொகாஸேயைச் சுற்றி நடக்கின்றன. அவள் யோஷிவாராவின் முதன்மை கணிகை. முகம் அச்சாக மிகியின் முகம். இரண்டு வேடத்திலும் நடித்தவர் நகாதானி மிகி. அவளுடைய வம்சத்தில்தான் மிகி பிறப்பாளோ என்று ஜின் சந்தேகப்படுகிறார். நொகாஸேவின் மார்பில் கட்டி. அறுத்தால் அவள் வாழ்க்கை வேறு திசையில் போகும். மிகி பிறக்காமலே போகலாம். அறுக்காவிட்டால் இவள் சாவாள். கத்தியை வைக்கிறார். மிகியின் படம் மறைந்துபோகிறது. எதிர்காலத்தில் நேசித்தவளுக்கும் கண்முன் படுத்திருப்பவளுக்கும் நடுவே ஒரு மருத்துவர் எடுத்த முடிவு அது. நேற்று வரை தான் வாழ்ந்த உலகத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டு விடைகொடுத்த மாதிரி எனக்கு இருந்தது.

டிவிடிகளை முடித்துச் சில வாரங்களில், 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46. டோக்கியோவே நின்று நின்று ஆடியது. நான் படிகளில் இறங்கிப் பாட்டி வீட்டுக் கதவைத் திறந்தபோது அவர் மேசைக்கு அடியில் தலையணையைத் தலையில் பிடித்தபடி இருந்தார். என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார். அன்றிரவு முழுவதும் தொலைக்காட்சியில் கடல் வந்துகொண்டே இருந்தது. அடுத்து ஃபுகுஷிமா அணு உலை விபத்து வந்தது. சென்னையிலிருந்து அம்மாவும் அண்ணனும் மணிக்கொரு தடவை கூப்பிட்டார்கள்: “கிளம்பி வந்துரு, இன்னும் அங்க என்ன இருக்கு உனக்கு?” எங்கள் குடியிருப்பில் பல குடும்பங்கள் கிடைத்த விமானத்தில் கிளம்பின. அவர்கள் போனதில் தவறு எதுவும் இல்லை.

மார்ச் 23 அன்று கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரில் கதிரியக்க அயோடின் லிட்டருக்கு 210 பெக்கரல் இருப்பதாக அறிவித்தார்கள். எங்கள் வட்டாரத்துக்கு வரும் தண்ணீர் அதுதான். கைக்குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்றார்கள். என் தொலைபேசி ஓயவில்லை. பால் மாவு கரைக்க என்ன செய்வது, குளிப்பாட்டலாமா, தாய் குடித்தால் தாய்ப்பாலில் வருமா? அறிவிப்பைப் படித்துத் தமிழில் சொன்னேன்: குழந்தைக்கு வரம்பு 100, பெரியவர்களுக்கு 300; பெரியவர்கள் குடிக்கலாம், குளிப்பாட்டலாம்; கொதிக்க வைப்பதால் அயோடின் போகாது, அதனால் காய்ச்சிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதே. கடைகளில் தண்ணீர் பாட்டில் தீர்ந்திருந்தது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு நகர நிர்வாகம் பாட்டில் கொடுக்கும் இடத்தை விசாரித்து ஒவ்வொருத்தியாக அழைத்துப் போனேன். மறுநாளே அளவு குறைந்து அறிவுரையை நீக்கினார்கள். ஆனால் அந்த வாரம் முழுதும் வந்த அழைப்புகளுக்கு நடுவே, அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருப்பது தெரிந்தது. ஜூனில், சென்னை ஆய்வகத்தில் விடுப்பை நீட்டிக்கப் போகிறேனா என்று கேட்டுக் கடிதம் வந்தபோது, வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 17-இல் இரண்டாம் பாகம் தொடங்கியது. ரயில் நிலையங்களில் பாதி விளக்குகள் அணைந்திருந்த, நகரும் படிகள் நின்றிருந்த டோக்கியோ. இருட்டில் நடந்து வந்து, பாட்டி வீட்டில் உட்கார்ந்து மெழுகுத்திரி வெளிச்சத்து எதோவைப் பார்த்தோம். நடுநடுவே திரையின் மேல்விளிம்பில் எங்கே எந்த அளவில் நிலம் நடுங்கியது என்ற வரி ஓடும். கீழே சாமுராய்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சாகியின் அம்மாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போகிறது. பெரிபெரி. தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் உண்ட எதோ நகரத்தாரைப் பிடித்து, ஊருக்குத் திரும்பினால் தானே நீங்கிய நோய் என்பதால் அதற்கு எதோ நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஜின் தவிடு நீக்காத தானியமும் எள்ளும் கலந்து டோனட் சுட்டுக் கொடுக்கிறார். எங்கள் ஊரில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் மெக்கரிசன் இதே நோயைப் பல வருடம் ஆராய்ந்தார். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதனால் புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பாட்டிக்கு ஒரு நாள் புழுங்கலரிசிச் சோறு சமைத்துப் போட்டேன். வாசம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு முழுதும் சாப்பிட்டார்.

சாமுராய் சகமோதோ ரியோமா சாகப்போகிறார் என்பது ஜப்பானில் எல்லாருக்கும் தெரியும். 1867-இல் கியோத்தோவில் கொல்லப்பட்டார் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஜின்னுக்கும் தெரியும். எதோவில் அவருக்கு வாய்த்த உயிர் நண்பர் அவர்தான். எச்சரித்துப் பார்க்கிறார், வழி மாற்றிப் பார்க்கிறார், கடைசியில் கியோத்தோவுக்கே ஓடுகிறார். வாள் விழுகிறது. அறுவை செய்கிறார். போய்விடுகிறார் ரியோமா. அன்று நான், “தெரிந்த முடிவுதானே, ஏன் இத்தனை ஓட்டம்?” என்று கேட்டேன். பாட்டி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “எனக்கும் 1945 மார்ச் மாதத்து அந்த நாள் முன்பே தெரிந்தால் நான் ஓடமாட்டேனா? போய்ச் சேரமுடியாது என்று தெரிந்தாலும் ஓடுவேன்.” அந்த இரவைப் பற்றி அவர் என்னிடம் பேசிய மிகச் சில வார்த்தைகளில் இவை அடக்கம்.

பிற நாட்டுத் தொடர்களிலும் கடந்த காலத்தில் மனம் ஒட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பிபிசியின் ‘லைஃப் ஆன் மார்ஸ்’ தொடரில் 1973-இன் மான்செஸ்டருக்குப் போன காவல் அதிகாரி சாம் டைலர், நிகழ்காலத்துக்குத் திரும்பியதும் கையில் வெட்டுப்பட்டும் வலி தெரியாமல் திகைக்கிறார். மாடியிலிருந்து குதித்து 1973-க்கே போகிறார். நன்றாக எழுதப்பட்ட தொடர். ஆனால் அவரை இழுப்பது தனக்குள் மறுபடி உயிர் துடிக்க வேண்டும் என்ற தாகம். ‘அவுட்லாண்டர்’ நாயகி கிளேரும் ஜின்னைப் போல மருத்துவம் தெரிந்தவள். அவளை 18-ஆம் நூற்றாண்டில் நிறுத்துவது ஒருவனுடைய அன்பு. ஜின்னை நிறுத்துவது நோயாளிகளின் வரிசை. என் மனம் இவரிடம் நிற்கிறது.

கடைசிப் பகுதிகளில் 1868 வருகிறது. ஷோகுன் ஆட்சி விழுந்து, உவேனோ குன்றில் ஷோகிதாய் படையினர் அரசுப் படையோடு ஒரு நாள் போராடி அழிகிறார்கள். கியோதாரோ ஷோகிதாய் பக்கம் போய்ச் சேர்கிறான். ஜின் எந்தப் பக்கத்தவர் என்று பாராமல் காயக்காரர்களுக்கு மருந்து போடுகிறார். சாகியின் கையில் குண்டு பாய்ந்து சீழ் பிடிக்கிறது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமி. அதற்கான மருந்தைத் தேடித் தவிக்கும் ஜின்னைக் காலம் மறுபடி தூக்கி இன்றைய டோக்கியோவில் போடுகிறது. திரும்பிப் போக முடியவில்லை. நூலகத்தில் தேடினால், எதோவில் ஜின்னும் நண்பர்களும் நடத்திய மருத்துவமனை வரலாற்றில் இருக்கிறது, அவர் பெயர் எங்கும் இல்லை. தச்சிபானா வீட்டைத் தேடிப் போனால், அந்த வம்சத்துப் பெண் ஒருத்தி மிகியின் முகத்தோடு வந்து, சாகி எழுதிய கடிதத்தைக் கொடுக்கிறாள். புல்லில் கிடைத்த, அந்த மருந்து இருந்த கண்ணாடிக் குப்பியால் பிழைத்தாள் சாகி. ஆனால் எதோவில் எல்லாரும் அந்த மருத்துவரை மறந்துபோகிறார்கள். சாகிக்கும் பெயரும் முகமும் மங்கிக்கொண்டே போகின்றன. முழுக்க மறப்பதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று, தான் நேசித்ததை எழுதி வைத்திருக்கிறாள்.

ஜூன் 26 அன்று அதைப் பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். சித்திரக்கதையில் முடிவு வேறு: அங்கே ஒரு ஜின் எதோவுக்கு மருந்தோடு திரும்பி, சாகியை மணந்து, அங்கேயே வாழ்ந்து தீர்க்கிறார். பாட்டி அதைப் படித்திருந்தார். அதுவே சரியான முடிவு, தொலைக்காட்சிக்காரர்கள் சாகிக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்றார். எனக்குத் தொலைக்காட்சி முடிவுதான் சரி. அவர் பெயர் அழிந்தாலும் சாகி மருத்துவராகிப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தாள், மருந்து நிலைத்தது, மருத்துவமனை நிலைத்தது. கடிதத்தைப் படித்து முடித்த ஜின், எழுந்து தன் காலத்து நோயாளி ஒருத்தியின் கட்டியை அறுக்கப் போகிறார். அந்தக் கட்டியை இனி அவரால் அறுக்க முடியும். எதோ அவருக்குக் கொடுத்த கை அது.

ஜூலை வெயிலில் பாட்டி என்னை மினாமி-செஞ்சுவிலுள்ள என்த்சூஜி கோயிலுக்கு அழைத்துப் போனார். உவேனோவின் கறுப்பு வாயிலைப் பெயர்த்து அங்கே வைத்திருக்கிறார்கள். மரத்தூண்களில் குண்டு துளைத்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. சில இடங்களில் விரலை நுழைக்கலாம். போரில் வென்றவர்களுக்கு அஞ்சி யாரும் தொடாமல் கிடந்த ஷோகிதாய் உடல்களை அந்தக் கோயிலின் துறவி எடுத்து எரியூட்டினார், 266 பேர். பாட்டி ஊதுபத்தி ஏற்றினார். கியோதாரோ கற்பனைப் பாத்திரம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவனுக்கும் சேர்த்துத்தான் ஏற்றினோம்.

2014-இல் நாங்கள் சென்னை திரும்பினோம். வேறோர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். புத்தாண்டுக்குப் பாட்டிக்கு அட்டை எழுதுவேன், அவரும் எழுதுவார். ஒவ்வொன்றிலும் அந்தச் சண்டை ஒரு வரியாவது தொடரும்.

2020 ஏப்ரலில் ஜப்பானில் நெருக்கடி நிலை அறிவித்து எல்லாரும் வீட்டில் அடைந்திருந்தபோது டிபிஎஸ் ‘ஜின்’ தொடரை மூன்று வார இறுதிகளில் மறுபடி ஒளிபரப்பியது. சென்னையும் அடைந்து கிடந்தது. எங்கள் ஆய்வகத்தில் கொரோனா மாதிரிகளை ஆர்டி-பிசிஆர் செய்துகொண்டிருந்தோம். கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவத் தொடங்கிய நாட்கள். மே மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, கவச உடையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது பாட்டி கூப்பிட்டார். காலராப் பகுதியை மறுபடி பார்த்ததாகச் சொன்னார். ஜின் படுத்துவிட்டபோது சாகி எழுந்து போவதைப் பார்த்து என்னை நினைத்தாராம்.

“நீங்கள் வேலையில் இருக்கிறீர்களா?”

“இருக்கிறேன். காலையிலிருந்து இரண்டு பெட்டி வந்துவிட்டது.”

“கையுறை போதுமான அளவு இருக்கிறதா?”

“இருக்கிறது பாட்டி.”

“நாளை கடைசிப் பகுதி. எனக்கு இப்போதும் அந்த முடிவு பிடிக்காது. அவர் அங்கேயே இருந்திருக்க வேண்டும். சாகி அவரை மறந்திருக்கக் கூடாது.”

நான் என் பக்கத்தைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மூன்றாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பையன் வாசலில் வந்து நின்றான். சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். “போங்கள், முதலில் அதைப் பாருங்கள், மிச்சச் சண்டையை நாளை போட்டுக்கொள்வோம்” என்று சொல்லி அவரே போனை வைத்தார்.